மூன்றாம் நம்பர் பிரஸ்ஸும் கொடைக்கானல் பயிற்சியும்

வாசகர் கடிதம்:

வணக்கம் மேடம். மதுரை பக்கம் கப்பலூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். ரப்பரை மோல்டில் (அச்சில்) வைத்து அழுத்தும் பிரஸ் மெஷினுக்கு ஆபரேட்டராகச் சேர்ந்து இப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர். எனக்குக் கீழே 22 பேர், பாதிப் பேர் கான்ட்ராக்ட். இரண்டு மாதம் முன்பு தலைமைப் பண்புப் பயிற்சி என்று எங்களில் 14 பேரைக் கொடைக்கானலில் ஒரு ரிசார்ட்டுக்கு இரண்டு நாள் கூட்டிப் போனார்கள். கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தால் மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பது, பழைய பேப்பரில் கோபுரம் கட்டுவது, நீங்கள் எந்தக் கலர் ஆள் என்று ஒரு டெஸ்ட். நான் சிவப்பாம். சொல்லிக் கொடுத்தவர் நன்றாகத்தான் பேசினார், பாதி இங்கிலீஷில். ஆட்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்று அவர் சொன்னது மனதில் பட்டது.

திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட். மூன்றாம் நம்பர் பிரஸ் ஆபரேட்டர் என்னைவிட மூத்தவர். "தம்பி, மோல்டு ஒரு பக்கம் சரியா உக்காரல, நிறுத்திப் பாத்துருவோம்" என்றார். முன்பென்றால் "ஓட்டுங்கண்ணே, பாத்துக்கலாம்" என்றிருப்பேன். அன்று நிறுத்தினேன். நாற்பது நிமிடம் போய்விட்டது. புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து எல்லார் முன்னாலும், "கொடைக்கானல் போயி இதைத்தான் படிச்சிட்டு வந்தியா?" என்றார். அதிலிருந்து பழையபடி ஆகிவிட்டேன், சொல்லப்போனால் முன்னைவிட அதிகமாகக் கத்துகிறேன். ஆட்கள் "லீடர் வாராரு" என்று சிரிக்கிறார்கள்.

இப்போது பயிற்சியால் என்ன பயன் என்று ஹெச்.ஆரில் ஒரு ஃபார்ம் கொடுத்திருக்கிறார்கள். உள்ளதை எழுதினால் பிரச்சினை வருமா? அடுத்த கட்டப் பயிற்சிக்கும் என் பெயர் இருக்கிறது. போனால் ஒரு வருடம் வேலையை விடக்கூடாது, விட்டால் நாற்பதாயிரம் கட்ட வேண்டும் என்று பாண்டு. கையெழுத்துப் போடலாமா? இந்தப் பயிற்சிகளால் யாருக்காவது பயன் உண்டா, இல்லை எனக்குத்தான் தலையில் ஏறவில்லையா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கப்பலூர்

பதில்:

தம்பிக்கு வணக்கம்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதுதான் உங்களை அரித்துக்கொண்டிருக்கிறது என்று படுகிறது. உங்கள் தலையில் ஏறியிருக்கிறது. ஏறியதால்தான் பிரஸ்ஸை நிறுத்தினீர்கள். மலையிறங்கி வந்த பதினான்கு பேரில் திங்கட்கிழமை முதல் ஷிஃப்டிலேயே ஒன்றைச் செய்து பார்த்தவர் அநேகமாக நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு, பெருமைப்படும்படியான தகுதி இல்லை. பன்னிரண்டு வருடம் ஒரு மில்லில் பெர்சனல் டிபார்ட்மெண்டில் இருந்துவிட்டு, அதற்குப் பிறகு நானும் இதே பயிற்சிகளை நடத்தியவள். கோபுரம் கட்டச் சொல்லியிருக்கிறேன், கண்ணைக் கட்டி நடக்க விட்டிருக்கிறேன். சாயங்காலம் ஃபீட்பேக் ஃபார்மை வாங்கிக்கொண்டு, ஐந்துக்கு ஐந்து எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று காரில் எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வருவேன். எங்கள் தொழிலில் அந்தத் தாளுக்கு ஹேப்பி ஷீட் என்று பெயர். ஒருமுறை அழகர்கோவில் சாலையில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடத்தியதற்கு ஒருவர் விடாமல் ஐந்து போட்டிருந்தார்கள். ஏழெட்டு மாதம் கழித்து அதில் இருந்த ஒருவரைச் சிம்மக்கல்லில் பார்த்தேன். "மேடம், அன்னைக்குப் போட்ட மட்டன் சுக்காவ மறக்கவே முடியாது" என்றார். வேறெதுவும் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது.

உங்கள் மேனேஜர் செய்தது புதிதில்லை. எழுபது வருடத்துக்கு முன்பே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1950களின் தொடக்கத்தில் எட்வின் ஃப்ளைஷ்மேன் என்ற உளவியலாளர், அமெரிக்காவில் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் செய்துவந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் ஃபோர்மேன்களை ஆராய்ந்தார். ஃபோர்மேன் என்றால் உங்கள் நிலையில் இருப்பவர். ஆட்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று அவர்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். வகுப்பு முடிந்த கையோடு கேட்டபோது, ஆட்களை மதிக்க வேண்டும் என்ற எண்ணம் கூடியிருந்தது. ஆலைக்குத் திரும்பிக் கொஞ்ச காலம் ஆனதும் பார்த்தால் அது தங்கவில்லை. அந்த ஃபோர்மேன் ஆட்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்பது, அவர் வகுப்புக்குப் போனாரா என்பதைவிட, அவருக்கு மேலே இருந்த பாஸ் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தே இருந்தது. இதைப் படித்த அன்று, நான் சேர்த்து வைத்திருந்த ஐந்துக்கு ஐந்து தாள்கள் எல்லாம் கடலை மடிக்கத்தான் ஆகும் என்று தோன்றியது.

உங்கள் வேலையிலேயே இதற்கு ஒப்பு இருக்கிறது. ரப்பர் காம்பவுண்டை மோல்டில் வைத்து 150 டிகிரிக்கு மேல் சூட்டில் அழுத்துகிறீர்கள். க்யூரிங் நேரம், அதாவது ரப்பர் வெந்து இறுகும் நேரம், முடியுமுன் பிரஸ்ஸைத் திறந்தால் உருவம் வந்திருக்கும், உறுதி வந்திருக்காது. உங்கள் விஷயத்தில் திங்கட்கிழமை காலையிலேயே மேனேஜர் பிரஸ்ஸைத் திறந்துவிட்டார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். காலை மீட்டிங்கில் அவரிடம் கேட்பது எண்ணிக்கை மட்டும்தான். கொடைக்கானலில் உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். பதினான்கு பேரை மலைக்கு அனுப்பியவர்கள், அந்தப் பதினான்கு பேரின் மேலதிகாரிகளை ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசியிருந்தால் கதை வேறு. அதற்கு ரிசார்ட்கூட வேண்டாம், கேண்டீன் போதும்.

அந்தக் கலர் விஷயத்தை மறந்துவிடுங்கள். இந்த மாதிரி டெஸ்டுகள் பலவற்றுக்கு மூலமான, மனிதர்களின் நடத்தையை நான்காகப் பிரிக்கும் யோசனையை 1928-ல் எழுதியவர் வில்லியம் மார்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். பின்னாளில் ஒரு புகழ்பெற்ற காமிக்ஸ் கதாநாயகியை உருவாக்கியவரும் அவரேதான். டெஸ்டாக அதை மாற்றி விற்றவர்கள் வேறு ஆட்கள். பேச்சைத் தொடங்கி வைக்க உதவும் விளையாட்டு, அவ்வளவுதான். "நான் சிவப்பு, அதான் கத்துறேன்" என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொன்ன ஒரு மேனேஜரிடம் நான் நான்கு வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

யாருக்காவது பயன் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் எந்த மாதிரிப் பயிற்சியில் என்று பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ஆலைகளில் அனுபவஸ்தர்கள் பட்டாளத்துக்குப் போய்விட, புது ஆட்களை வைத்து வேலை வாங்க வேண்டிய நிலை. 1940 முதல் 1945 வரை சூப்பர்வைசர்களுக்கென்று டி.டபிள்யூ.ஐ. (ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) என்ற பயிற்சி நடந்தது. பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை முடித்தார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவின் வேலைமுறையிலும் கலந்தது. அதில் ஆட்களோடு பழகுவதற்கான பாடம் மொத்தமே பத்து மணி நேரம், ஐந்து அமர்வு. வருகிறவர் தன் ஷாப்பில் அப்போது இருக்கும் ஒரு நிஜமான பிரச்சினையைக் கொண்டுவர வேண்டும். வேலைக்கு நேரத்தில் வராத ஆள், புது மெஷினைத் தொட மறுக்கும் ஆள், இப்படி. விவரம் சேகரி, யோசித்து முடிவெடு, செய், செய்தது பலித்ததா என்று திரும்பிப் பார் என்ற நான்கு படியில் வைத்து அதை எல்லாரும் அலசுவார்கள். பேப்பர் கோபுரத்துக்கு அங்கே இடமில்லை. நான் என் வகுப்புகளைப் பிறகு இந்த வழிக்கு மாற்றினேன். ஐந்துக்கு ஐந்து போடுபவர்கள் குறைந்தார்கள். தெருவில் பார்த்தால் மட்டன் சுக்காவைப் பற்றிப் பேசுவதும் குறைந்தது.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்தது மதுரையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. மற்ற ஊர், மற்ற நாட்டுக் கண் மருத்துவமனைகளுக்கு நிர்வாகம் கற்றுக்கொடுக்க அவர்கள் 1992-ல் ஒரு நிறுவனத்தை இங்கே தொடங்கினார்கள். அங்கே ஒரு மருத்துவமனையிலிருந்து ஓர் ஆளை மட்டும் பிடித்து அனுப்பச் சொல்வதில்லை. தலைமை மருத்துவர், நிர்வாகி என்று குழுவாக வரச் சொல்கிறார்கள். ஊர் திரும்பி "இப்படிச் செய்யலாமா?" என்று ஒருவர் கேட்கும்போது, "எங்கே போய் இதைப் படித்தாய்?" என்று கேட்க அங்கே ஆள் இருக்காது, ஏனென்றால் கேட்கக்கூடியவரும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்.

இத்தனை வருடத்தில் ஆட்கள் என்னிடம் தனியாகச் சொன்னவற்றில் சிலவற்றை இங்கே போட்டு வைக்கிறேன், இதைப் படிக்கும் ஹெச்.ஆர். பிள்ளைகள் கண்ணிலும் படட்டும். யாரை அனுப்புவது என்பதைத் தேவை பார்த்து முடிவு செய்வதில்லை, பிப்ரவரி வந்தபிறகு மார்ச்சுக்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டுமே என்று முடிவு செய்கிறார்கள் என்றார் ஒரு வாடிப்பட்டிக்காரர். வகுப்பில் இங்கிலீஷ் கூடக்கூட, வேலை நன்றாகத் தெரிந்தவர்கள் பின் வரிசைக்குப் போகிறார்கள், பேசத் தெரிந்தவர்கள் முன் வரிசைக்கு வருகிறார்கள். கடைசியில் "தலைமைப் பண்பு உள்ளவர்" என்று பெயர் வாங்குவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இன்னும் ஆறாத ஒன்று பெண்கள் விஷயம். திருமங்கலம் பக்கத்து ஆலை ஒன்றில் குவாலிட்டியில் ஒரு பெண். கையில் எடுத்துப் பார்த்தே எந்த பேட்ச் சரியில்லை என்று சொல்லிவிடுவார். இரண்டு நாள் வெளியூரில் தங்க வேண்டும் என்றால் வீட்டில் விட மாட்டார்கள், சின்னப் பிள்ளை வேறு. மூன்று முறை பெயர் வந்து மூன்று முறையும் போகவில்லை. அவருடைய ஃபைலில் "ஆர்வமில்லை" என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த வார்த்தையை நான் என் கண்ணால் பார்த்தேன். அதே வகுப்பை ஆலைக்குள்ளேயே மத்தியான நேரத்தில் வைத்திருந்தால் அவர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பார். உங்கள் பதினான்கு பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. நான் ஊகித்துக்கொள்கிறேன்.

இனி ஃபார்முக்கு வருவோம். அது ஏன் உங்கள் கைக்கு வந்தது என்று தெரிந்தால் எப்படி நிரப்புவது என்பதும் தெரிந்துவிடும். தர நிர்வாகத்துக்கான ஐ.எஸ்.ஓ. 9001 சான்று வைத்திருக்கும் கம்பெனி, ஆட்களுக்குத் தேவையான திறமையை உண்டாக்க எடுத்த நடவடிக்கை பலித்ததா என்று மதிப்பிட்டாக வேண்டும். 2015-ம் ஆண்டுப் பதிப்பில் 7.2-ம் பிரிவு. ஆடிட்டர் வந்து கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும், அந்தத் தாள்தான் இது. ஆகவே ஹெச்.ஆருக்கு இது வெறுமனே உங்கள் கருத்துக் கேட்பு இல்லை. டொனால்ட் கிர்க்பேட்ரிக் என்பவர் 1959-லேயே பயிற்சியை நான்கு மட்டத்தில் அளக்கச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, கம்பெனிக்குப் பலன் வந்ததா. முதல் மட்டத்தை ரிசார்ட்டிலேயே ஐந்துக்கு ஐந்து போட்டு முடித்திருப்பீர்கள். இப்போது கேட்பது மூன்றாவது. அதற்குப் பதில் உங்கள் ஒருவரிடம்தான் இருக்கிறது.

பிரச்சினை வருமா என்றால், மேனேஜர் பெயரைப் போட்டு, அவர் கத்தினார் என்று எழுதினால் வரும். அது புகாராகிவிடும், பயிற்சி பின்னால் போய்விடும். "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று எழுதினாலும் சரியில்லை, அடுத்த வருடம் இன்னொரு பதினான்கு பேர் கோபுரம் கட்டப் போவார்கள். பயிற்றுநரைத் திட்டி எழுதுவதிலும் பலனில்லை, அவருக்கு அடுத்த வாரம் வேறு கம்பெனி. நடந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"பயிற்சியில் சொன்னபடி ஆபரேட்டர் சொன்னதைக் கேட்டு, இந்தத் தேதியில் 3-ம் நம்பர் பிரஸ்ஸை 40 நிமிடம் நிறுத்தி மோல்டைச் சரிபார்த்தேன். நிறுத்துவதற்கு முன் அந்த ஷிஃப்டில் ரிஜெக்‌ஷன் இவ்வளவு, பின் இவ்வளவு. ஆபரேட்டர் குறை சொல்லும்போது எத்தனை நிமிடம் வரை சூப்பர்வைசரே பிரஸ்ஸை நிறுத்தலாம் என்பது தெளிவாக இல்லாததால் இதைத் தொடர முடியவில்லை. இதற்கு எழுத்தில் ஒரு வரைமுறை வேண்டும். அடுத்த கட்டப் பயிற்சியைப் புரொடக்‌ஷன் பிரிவின் எல்லா நிலையினருக்கும் சேர்த்து நம் ஆலையிலேயே நடத்தக் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் யார் மீதும் குற்றமில்லை. ஆடிட்டர் படித்தாலும் ஹெச்.ஆருக்கு நல்லது, மேனேஜர் படித்தாலும் உங்களுக்குக் கெடுதல் இல்லை. தமிழிலேயே எழுதுங்கள்.

ஆனால் ஃபார்மைக் கொடுப்பதற்கு முந்தின நாள் மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். இது முக்கியம். தாள் வழியாக அவருக்குத் தெரியவந்தால், என்னை மேலே போட்டுக் கொடுத்துவிட்டான் என்றுதான் நினைப்பார், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஷிஃப்ட் மாறும் நேரம் வேண்டாம், டிஸ்பாட்ச் நாளும் வேண்டாம். டீ நேரத்தில் தனியாகப் போய், "சார், அன்னைக்கு நிறுத்தினது உங்கட்ட சொல்லிட்டுச் செஞ்சிருக்கணும், அது என் தப்பு. இனிமே இருவது நிமிசம் வரைக்கும் நானே நிறுத்திக்கிறேன், ரிஜிஸ்டர்ல எழுதி வச்சிடுறேன், அதுக்கு மேல போனா உங்களுக்குப் போன் பண்றேன், சரியா சார்?" என்று கேளுங்கள். தலைமைப் பண்பு, காது கொடுத்தல் என்ற வார்த்தையெல்லாம் இந்தப் பேச்சில் வரவே கூடாது. இருபது இல்லை, பத்து நிமிடம்தான் என்பார். வாங்கிக்கொள்ளுங்கள். கொடைக்கானலில் உங்களுக்குக் கிடைக்காதது இந்தப் பத்து நிமிட அதிகாரம்தான்.

பாண்டு பற்றி. எழுதிய தொகையை அப்படியே வாங்கிவிடலாம் என்று கம்பெனிகள் நினைக்கின்றன, செல்லவே செல்லாது என்று வேலையாட்கள் நினைக்கிறார்கள், இரண்டும் சரியில்லை. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ம் பிரிவுப்படி, எழுதியிருக்கும் தொகை ஓர் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான். அதே சமயம், மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும், இடையில் போனால் இரண்டு லட்சம் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே விளையாட்டாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வருடம் எந்தத் தேதியிலிருந்து, மாதம் போகப்போகத் தொகை குறையுமா, கம்பெனியே வேலையை விட்டு எடுத்தால் கட்ட வேண்டியதில்லை என்று இருக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டோ தொகை எழுதாத செக்கோ கேட்டால் கொடுக்காதீர்கள். என்னைக் கேட்டால், இரண்டாவதும் முதல் பயிற்சி மாதிரிதான் என்றால் நாற்பதாயிரம் பாண்டுக்கு அது பெறாது. மோல்டு டிசைன், குவாலிட்டி மாதிரி, கையில் நிற்கும் படிப்பாக இருந்தால் யோசிக்கலாம்.

உங்கள் ஆட்கள் "லீடர் வாராரு" என்று சிரிப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மதுரையில் பட்டப்பெயர் இல்லாத சூப்பர்வைசர் யார் இருக்கிறார்? நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த மூன்றாம் நம்பர் ஆபரேட்டரை. அன்று உங்களுக்கு விழுந்த திட்டு அவர் காதிலும் விழுந்தது. இனிமேல் மோல்டு ஆடினாலும் அவர் வாயைத் திறக்க மாட்டார், தம்பிக்கு எதற்கு நம்மால் கஷ்டம் என்று இருந்துவிடுவார். அவரிடம் போய், "அண்ணே, அன்னைக்கு நீங்க சொன்னதுல தப்பில்ல, இனியும் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். கத்தியதற்கும் சேர்த்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டால் நல்லது.

இவ்வளவு எழுதிய நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மோல்டு உண்மையிலேயே ஒரு பக்கம் உட்காராமல்தான் இருந்ததா? ஃபார்மில் நிரப்பச் சொன்ன அந்த இரண்டு எண்களும் ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரில் இருக்கும். முதலில் அதைப் புரட்டுங்கள். குறைந்திருந்தால் மேனேஜரிடம் பேசும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தே கொண்டு போங்கள். குறையவில்லை என்றாலும் உள்ளபடி எழுதுங்கள், என்ன வந்தது என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள்.